ஏழாவது வளைவில் வால் வீசியவன்

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிப்பீர்களானால், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னென்ன இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். என் வீட்டு மேசையில் ஊறுகாய் பாட்டில் இரண்டு, என் மாத்திரை டப்பா மூன்று, உப்புக் குப்பி ஒன்று, கடைசியாக ஒரு ஸ்டியரிங். காரே இல்லாத வீட்டில் ஸ்டியரிங். என் மகன் வாங்கி வந்து, மேசை விளிம்பில் இரண்டு திருகாணி போட்டு முடுக்கி வைத்திருக்கிறான். இருபத்திரண்டு நாளாக அங்கேதான் இருக்கிறது. அவன் அதைத் திருப்பினால் மேசை அதிர்கிறது. மேசை அதிர்ந்தால் ரசம் சிந்துகிறது. இதுவரை நான்கு தடவை.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு கார் ஓடுகிறது. வளைவு வந்ததும் அதன் பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு போக, கார் நண்டு மாதிரி பக்கவாட்டில் வழுக்குகிறது. இருந்தும் கவிழாமல் வளைவைக் கடந்துவிட வேண்டும். இதற்கு டிரிஃப்ட் என்று பெயராம். கைக்கு வர மூன்று மாதம் ஆகும் என்றான். முந்தாநாள் அவன் தொடர்ந்து பதினோரு முறை சுவரில் மோதியதைப் பார்த்துவிட்டு வாய் சும்மா இருக்கவில்லை.

“வால் எங்க போகுதோ அந்தப் பக்கமே திருப்பு. பதறாத” என்றேன்.

பன்னிரண்டாவது முறை சரியாக வந்துவிட்டது. மகன் திரும்பி என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“ஒங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?”

“டிவில பாத்தேன்.”

டிவியில் பார்க்கவில்லை. மகனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களில் சிலர் என்னைவிட மோசமாக நடந்திருப்பீர்கள் என்கிற தைரியம்தான்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு. கோவில்பட்டியில் அப்பாவுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. பலகையில் தொழிற்சாலை என்று எழுதியிருக்கும், ஆனால் ஊர் வாயில் எல்லாமே ஆபீஸ்தான். வீடும் அதே வளாகத்துக்குள். விடிய அஞ்சரைக்கு ஆபீஸ் வேன் மூன்று ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கும். முப்பத்தோரு பேர். அதில் என்னைவிடச் சின்னவர்கள் பதினெட்டு. அப்போதே எண்ணியிருக்கிறேன். எண்ணியதோடு சரி.

அந்த வருஷம் ஆனி மாதம் என் அத்தை மகன் எங்கள் வீட்டுக்குப் படிக்க வந்தான். என்னைவிட நான்கு மாதம் இளையவன். அவர்களுக்கு ஊர் எப்போதும்வென்றான். அத்தை வீட்டுக்காரர் அடுத்தவர் டிராக்டரை ஓட்டிப் பிழைத்தவர். மகன் கையில் ஸ்டியரிங் ஏறக் கூடாது, பேனாதான் ஏற வேண்டும் என்பது அத்தையின் வைராக்கியம். கொண்டுவந்து விட்ட அன்று அப்பா அத்தையிடம் முற்றத்தில் நின்றபடியே சொன்னார்:

“படிச்சா இங்கன இருக்கட்டும். படிப்பு ஏறலைன்னாலோ, ஊர் சுத்துனாலோ ஆபீஸ்ல உக்காந்து கட்டை அடுக்கட்டும். எனக்கு ரெண்டுஞ் சம்மதம்.”

“படிப்பாண்ணே. அவன் எங்க சுத்தப் போறான்” என்றாள் அத்தை. கொண்டுவந்த இரண்டு படி கம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

கட்டை அடுக்குவது என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மருந்தில் முக்குவதற்கு முன்னால் தீக்குச்சிகளை ஒரு மரச்சட்டத்தில் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்த வேண்டும். வரிசைக்கு ஏறக்குறைய ஐம்பது குச்சி, சட்டத்துக்கு ஏறக்குறைய ஐம்பது வரிசை. அந்தச் சட்டம்தான் ஒரு கட்டை. பெரியவர்களின் விரல் தடிமன், தாமதமாகும். பிள்ளைகளின் விரல் ஓடும். ஆகவே பிள்ளைகள்.

அத்தை மகன் படித்தான். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் எனக்கு அறுபத்து நான்கு, அவனுக்கு எழுபத்தொன்று. விடைத்தாளை அப்பா இரண்டு கையிலும் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அந்தப் புரட்டாசியில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேசட் கடை வைத்திருந்த பாய், கடையின் பின்கட்டில் ஒரு மிஷினை இறக்கினார். மெட்ராஸில் பழசாக வாங்கியது. பீரோ உயரம். நடுவில் திரை, அதற்குக் கீழே நிஜமான ஸ்டியரிங், பக்கத்தில் இரண்டே கியர் உள்ள ஒரு தடி, காலடியில் ஆக்சிலேட்டர். ஐம்பது பைசா கொடுத்தால் பாய் ஒரு பித்தளை வில்லை தருவார். அதைப் போட்டால் கடலோரச் சாலை ஒன்று திரையில் விரியும். மஞ்சள் கார். பதினான்கு வளைவு. அறுபது விநாடிக்குள் முதல் வாசலைத் தாண்ட வேண்டும்.

அந்த இடத்தின் மணம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. சூடேறிய வயர், சாம்பிராணி, பாயின் சட்டையில் அத்தர், ஆட வந்தவன் கையில் கடலை மிட்டாய். ஸ்டியரிங்கின் ரப்பர் ஒரு பக்கம் பிய்ந்துபோய், அங்கே சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்.

“ஏலே, பாகு கையோட புடிக்காதீங்கலே! வெல்லம் ஒட்டி எறும்பு ஏறுது மிஷின்ல. அதுக்கு எவன் வில்லை போடுவான், ஒங்க அப்பனா?” என்பார் பாய். நாங்கள் டவுசரில் துடைத்துக்கொண்டு உட்காருவோம்.

எல்லாரும் ஏழாவது வளைவில் செத்தோம். அது வலப்பக்கம் மடங்கும் வளைவு. இடது கையில் கடல். ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஐந்து பலகைகள். வேகத்தைக் குறைத்தால் நேரம் போய்விடும். குறைக்காவிட்டால் பலகையில் மோதிக் கார் மூன்று கரணம் அடிக்கும். நான் அறுபத்து மூன்று ஆட்டம் ஆடி, பதினான்கு முறை ஏழாவது வளைவைப் பார்த்தேன். பதினான்கு முறையும் பலகை.

அத்தை மகனை நான் அங்கே கூட்டிக்கொண்டு போனது, அவன் என்னைவிட மோசமாக மோதுவதைப் பார்க்கத்தான். காசு நான்தான் கொடுத்தேன். அவன் உட்கார்ந்ததும் பின்னால் நின்ற பையன்கள் தொடங்கினார்கள்.

“ஊர் என்னலே?”

“எப்போதும்வென்றான்.”

“இன்னைக்கு எப்போதும்தோத்தான்!”

முதல் ஆட்டத்தில் இரண்டாவது வளைவிலேயே மோதினான். எனக்கு மனசு குளிர்ந்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஐந்து வளைவு போனான். மூன்றாவது ஆட்டத்தில், ஏழாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். கியர்த் தடியைக் கீழே தட்டினான். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒரு வெட்டு வெட்டினான். காரின் பின்பக்கம் கடலைப் பார்க்க வீசியது. செத்தான் என்று நினைத்தேன். அவன் ஸ்டியரிங்கை அப்படியே இடது பக்கம், கடல் பக்கமே திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி மிதித்தான். கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே ஐந்து பலகைகளையும் உரசாமல் கடந்து நேரானது.

“யா அல்லா” என்றார் பாய்.

“எப்பிடிலே?” என்று வெளியே வந்து கேட்டேன்.

“கரிசல்ல மழை பேஞ்சா டிராக்டர் இப்பிடித்தானே மாப்ள போவும். பிரேக்க மிதிச்சா செத்தோம். வாலு எங்கன போவுதோ அங்கனயே திருப்பிக் குடுத்துரணும். பதறக் கூடாது. அப்பா மடியில வச்சு ஓட்டச் சொல்லுவாவ.”

மழை பெய்த கரிசலை நீங்கள் அறிவீர்கள். நடந்தால் செருப்பில் அப்பி நம்மை இரண்டு அங்குலம் உயரமாக்கும். சக்கரத்துக்கு அது வெண்ணெய். அவன் பிறந்ததிலிருந்து அதன்மேல் வழுக்கிக்கொண்டிருந்தவன். நான் தார்ரோட்டில் நடந்து வளர்ந்தவன்.

எனக்குச் சொல்லித்தரப் பார்த்தான். என் கைமேல் கை வைத்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். வீட்டில் எவர்சில்வர் தட்டைப் பிடித்துக்கொண்டு பழகச் சொன்னான். அவன் கை இருக்கும்வரை வரும். எடுத்ததும் பலகை. பின்பக்கம் வீசுகிற அந்த ஒரு கணத்தில் என் கை தானாக எதிர்ப்பக்கம் ஓடிவிடும். “பதறுத மாப்ள” என்பான். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன், சரியாகப் போயிருக்கும்.

கழுகுமலையில் இருக்கிறான் இப்போது. கல்யாண வீடுகளில் பார்த்தால் அதே மாதிரிதான் கைமேல் கை வைத்து “மாப்ள, சௌக்கியமா” என்பான். விரல் நுனிகள் வழவழவென்று இருக்கும், ரேகையே இல்லாததுபோல. பழையதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல நான்கு பதில் வைத்திருக்கிறேன்.

மிஷினில் ஒரு வழக்கம் இருந்தது. நன்றாக ஆடினால், ஆட்டம் முடிந்ததும் பத்து வரிசைப் பட்டியல் ஒன்று வரும். அதில் நம் பெயரை மூன்று ஆங்கில எழுத்தில் பதியலாம். ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப எழுத்து மாறும், ஆக்சிலேட்டரை மிதித்தால் நிற்கும். ஆளில்லாத நேரமெல்லாம் அந்தப் பட்டியல்தான் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்ப்பான்.

அத்தை மகன் முதல்முறை பட்டியலில் ஏறியபோது ஸ்டியரிங்கைப் பிடித்து அவன் பெயரின் முதல் எழுத்தைத் தேடினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

“கோட்டியாலே நீ? ஒம்பேரு இங்கன ஓடிச்சின்னா அப்பா காதுக்குப் போயிரும். மறுநாளே கட்டை அடுக்கப் போவணும். எம்பேரைப் போடுதேன். என்னைய ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ.”

யோசித்தான். “ஒனக்கு அடி விழுந்தா?”

“ஒனக்காக வாங்கிக்கிடுதேன்.”

அவன் கண் கலங்கியது. இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. என் மூன்று எழுத்தை நானே பதிந்தேன்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் போனோம். பள்ளிக்கூடத்திலிருந்து வேகமாக நடந்தால் பதினோரு நிமிஷம். அந்த நேரத்தில் கடையில் பாயைத் தவிர ஆள் இருக்காது. அவன் ஆடுவான், நான் பெயர் பதிவேன். முப்பத்தெட்டு ஆட்டம். மூன்று வாரத்தில் பட்டியலின் பத்து வரிசையிலும் என் பெயர். மின்சாரம் போனால் பட்டியல் அழிந்துவிடும் என்று பாய் ராத்திரியும் மிஷினை அணைப்பதில்லை. அந்த மூன்று வாரமும் ஊரில் கரண்டு போகவில்லை. கோவில்பட்டியில் அதுவே ஓர் அதிசயம்.

சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் பையன்கள் வழி விடுவார்கள். நான்கு பேர் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். “ஏலே, ஒரு தடவ அந்த வாலை வீசிக் காட்டேன்” என்று கெஞ்சுவார்கள். “மணிக்கட்டு வலி” என்பேன். ஒருநாள் துணிகூடச் சுற்றிக்கொண்டு போனேன். பாய் கல்லாவிலிருந்து என்னைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். வில்லை வாங்குகிறவன் நான்.

ஐப்பசி பிறந்ததும் மழை இறங்கியது. மானாவாரிக் காடு, விதைக்க வேண்டிய நேரம். ஊர்களில் ஆள் எல்லாம் காட்டுக்குப் போய்விட்டார்கள். வேனில் முப்பத்தொன்றுக்குப் பதில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருநாள் ஒன்பது. அப்பா காலையில் கேட்டில் நின்று எண்ணுவார். எண்ணுகிற புத்தி எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.

அந்த வாரத்தில்தான் ஆபீஸ் கணக்குப்பிள்ளை மாமியாருக்குப் பக்திப் பாட்டு கேசட் வாங்க பாய் கடைக்குப் போய்விட்டு வந்து சொன்னார்: “மொதலாளி, நம்ம தம்பி பேரு பாய் கடை மிஷின்ல வரிசையா பத்து ஓடுது.”

சனிக்கிழமை மத்தியானம் அப்பா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கணக்குப்பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு நான்கு பேரும் தூறலில் நடந்தோம். அத்தை மகன் ஒருமுறை என் விரலை அமுக்கினான். எனக்கு விழப்போகிற அடிக்கு ஆறுதல்.

கடையில் ஆறு பையன்கள் நின்றார்கள். திரையில் பட்டியல். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பத்து வரிசையையும் மேலிருந்து கீழே படித்தார்.

“என்னலே இது?”

நான் தயாராக இருந்தேன். “நான் ஆடலப்பா. இவன் ஆடுனது. என்னைய மாட்டிவிட எம்பேரைப் போட்டுருக்கான்.”

அத்தை மகன் என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டால், தூறல் தகரத்தில் விழுகிற சத்தத்தை நான் ஒன்பது வரை எண்ணினேன்.

அப்பா பாயைப் பார்த்தார். பாய் கேசட்டுகளை அடுக்கத் தொடங்கினார். “நமக்கு என்ன தெரியும் அண்ணாச்சி. வில்லை குடுக்கேன், உக்காருதாங்க, ஆடுதாங்க.”

“சரி. ரெண்டு பேரும் எம்முன்னால ஆடுங்க. யாருக்கு வருதுன்னு பாத்துருவோம்.”

முதலில் நான். தோற்றால்தான் தப்பிப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்ததும் ஜெயிக்கத்தான் ஆடினேன். அப்பா முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். நான்காவது வளைவில் பலகை. ஆறு பையன்களும் சிரித்தார்கள். பத்து வரிசைக்காரனின் மணிக்கட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு யாராவது விலை கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

அத்தை மகன் உட்காரும்போது என் முகத்தைப் பார்த்தான். வேண்டுமென்றே மோதட்டுமா என்று கேட்கிற பார்வை. அவன் மோதியிருந்தால் எதுவும் நிரூபணம் ஆகியிருக்காது. இருவருக்கும் இரண்டிரண்டு அடி, அதோடு போயிருக்கும்.

நான் குனிந்து அவன் காதில் சொன்னேன்: “நல்லா ஆடு. நல்லா ஆடுனா அப்பாவுக்குப் புடிக்கும். ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ.”

அவன் நம்பினான். அப்போதும் நம்பினான்.

ஏழாவது வளைவை நான் முப்பத்தெட்டு முறை அவன் கையில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போல ஒருநாளும் இல்லை. காலை எடுத்தான், தட்டினான், வெட்டினான், திருப்பிக் கொடுத்தான். நான்கும் ஒரே அசைவாக இருந்தது. கார் கடலோரமாகத் தாவணி விரிக்கிற மாதிரி வீசிப் போயிற்று. எட்டு, ஒன்பது, பத்து. பதினான்கு வளைவும் முடித்துக் கடைசி வாசலைத் தாண்டியபோது மிஷின் ஏதோ ஒரு இங்கிலீஷ் பாட்டை அடித்தது. அந்தப் பாட்டை நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. பையன்கள் கத்தினார்கள்.

அந்தச் சத்தத்தில் அப்பா கணக்குப்பிள்ளை பக்கம் சாய்ந்து பேசியது அவனுக்குக் கேட்கவில்லை. நான் அப்பாவின் வேட்டியை ஒட்டி நின்றேன்.

“கையப் பாத்தீராவே?”

“பாத்தேன் மொதலாளி. கண்ணுக்கே தெரியல.”

“கட்டை அடுக்குனா எத்தன வரும்?”

“பழகிட்டா நாளைக்குப் பதினாலு வரும்.”

“பதினாலா? பதினெட்டு வரும்வே. இந்தக் கைய வச்சிக்கிட்டு பள்ளிக்கூடத்துல என்ன சோலி?”

கோபத்தின் சாயலே இல்லை அப்பா குரலில். சந்தையில் நல்ல மாட்டைப் பார்த்தவரின் சந்தோஷம். இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், அவர் அந்தப் பையனுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார் என்றுதான் படுகிறது. திறமையைக் கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு என் பக்கம் குனிந்தார். “ஒனக்குக் கை கிடையாதுலே. நீ படி.”

திரையில் பட்டியல் வந்தது. முதல் வரிசை காலியாக மின்னியது. அத்தை மகன் என்னைக் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பி, தன் பெயரின் மூன்று எழுத்தையும் அவனே தேடி, ஒவ்வொன்றாக மிதித்து நிறுத்தினான். கீழே ஒன்பது வரிசையில் நான்.

“சபாஷ் மருமவனே” என்று அப்பா அவன் முதுகில் தட்டினார். பாயிடம் சொல்லி அவனுக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். எனக்கு இல்லை.

திரும்பி வரும்போது அப்பாவும் கணக்குப்பிள்ளையும் முன்னால் குடையில் போனார்கள். நாங்கள் பின்னால் நனைந்துகொண்டு வந்தோம். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவன் ஏதாவது கேட்பான் என்று நூற்றுப் பத்துத் தப்படி நடக்கிறவரை காத்திருந்தேன்.

“மாமாவுக்குக் கோவமே இல்ல, பாத்தியா மாப்ள. அவிய சிரிச்சாவ” என்றான். வாயெல்லாம் ஆரஞ்சு நிறம். “நீ சொன்னது சரிதான்.”

“ஆமா” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் எனக்கு நேரம் இருந்தது. அவன் ஞாயிறு இரவு உட்கார்ந்து திங்கட்கிழமைக்கு வரலாறு படித்தான். சத்தம் போட்டுப் படிப்பான். நான் பக்கத்தில் படுத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. பஸ் பிடித்து அத்தையிடம் போயிருப்பான், அத்தை வந்து அண்ணன் காலில் விழுந்திருப்பாள். ஏதாவது ஆகியிருக்கும்.

திங்கட்கிழமை விடியலில் வேன் வந்து நின்றது. பதினோரு பேர் இறங்கினார்கள். அப்பா அத்தை மகனை எழுப்பிவரச் சொன்னார். அவன் எதற்கென்று தெரியாமல் பல் துலக்கி, சட்டை மாட்டி, புத்தகப் பையையும் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

“பை எதுக்கு? அதை வச்சிட்டு வா. ஆபீஸ்ல ஒனக்கு எடம் போட்டிருக்கு” என்றார் அப்பா, பிரியமாக.

அவன் அப்பாவைப் பார்த்தான், வரிசையாக உள்ளே போகிற பிள்ளைகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பையைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

“வச்சிரு மாப்ள. சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுதேன்.”

உள்ளே ஏழு நோட்டும் நான்கு புத்தகமும் ஒரு காம்பஸ் பெட்டியும் இருந்தன. என் பெட்டியில் கவராயத்தின் முள் முறிந்திருந்தது. அவனுடையது புதுசு. அதை வைத்துக்கொண்டுதான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினேன். கணக்கில் தொண்ணூற்று ஏழு. அந்த மூன்று மார்க் எதில் போனது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.